எனக்கு முன் கன்னியாவுக்கு வந்தவள்

என் கணவரின் முதல் மனைவியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவள் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. யாரிடமாவது பேசும்போது 'அக்கா' என்பேன். மனதுக்குள் எப்போதும் 'அவள்'தான்.

நான் ஜிந்துப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவள். கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலை. இருபது வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். அவர் துறைமுகத்துச் சாமான்களுக்கு ஆவணம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் இருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் சீனி பார்க்க வருவார். அவருடைய நரம்பு எளிதில் அகப்படாது. மற்றவர்கள் இரண்டு மூன்று தடவை குத்துவார்கள். நான் ஒரே தடவையில் எடுத்துவிடுவேன். "நீர் எடுத்தா நோகிறேல்லை" என்றார் ஒருநாள். அதற்குப் பிறகு நான் லீவில் இருந்தால் இரத்தம் கொடுக்காமல் திரும்பிப் போய்விடுவார் என்று மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். எனக்கு நாற்பத்து மூன்று வயதில், பதிவாளர் முன்னால் கையெழுத்து வைத்து, ஒரு சூட்கேசோடு வெள்ளவத்தைக்குப் போனேன்.

அந்த வீடு காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருந்தது. சமையலறைப் போத்தல்களில் எல்லாம் அவளுடைய கையெழுத்து. கடுகு, சீரகம், உளுத்தம்மா என்று சின்னச் சின்ன உருண்டை எழுத்து. வந்த புதிதில் உப்புப் போத்தலை மட்டும் மாற்றினேன். மறுநாள் காலையில் பழைய போத்தல் கழுவித் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் இருந்தது. அவளுக்கும் அவருக்கும் பிறந்த மகள் செய்த வேலை. அவளுக்கு அப்போது பதினாறு வயது. என்னை அன்ரி என்று கூப்பிடுவாள். மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை. நானும் போத்தலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் எல்லாரும் 'ஓம்' என்பார்கள். நான் மட்டும் 'ஆமா'. அவருடைய அக்கா வரும்போதெல்லாம் என் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே, "இவவின்ர தமிழ் வடிவா இருக்கு" என்பார். பாராட்டுப் போலத்தான் இருக்கும்.

கல்யாணம் முடிந்து மூன்றாவது வருடம், மகள் ஏலெவல் பரீட்சை எழுதி முடித்ததும், எங்கே போகலாம் என்று அவர் கேட்டார். நான் நுவரெலியா என்று நினைத்திருந்தேன். மகள், "கன்னியா" என்றாள்.

"வெந்நீர்க் கிணறா? அங்க என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"அம்மாவும் அப்பாவும் கலியாணம் முடிச்சு முதல் முதல் போன இடம், அன்ரி. நான் ஒருநாளும் போகேல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "உமக்குச் சம்மதமெண்டாப் போவம்" என்றார். நான் சம்மதம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர்கள் இரண்டு பேரும் போன காலத்தில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்ததாம். பாதைகள் திறந்திருந்த சமயம். கொழும்பிலிருந்து போன சனங்கள் திருமலையில் கோணேசரையும் கடலையும் பார்த்துவிட்டுக் கன்னியாவில் குளித்துத் திரும்புவார்களாம். இதையெல்லாம் அவர் வாடகைக்குப் பிடித்த வானில் போகும்போது சொல்லிக்கொண்டு வந்தார். விடியற்காலையில் புறப்பட்டோம். மகள் அவருக்குப் பக்கத்தில், நான் பின் சீட்டில், என் மடியில் பை. பையில் அவருடைய மாத்திரைகள், கிளினிக் கொப்பி, பிஸ்கட், தண்ணீர், ஒரு சோடி தடித்த வெள்ளைச் சொக்ஸ்.

சொக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீனி வியாதி அவருடைய பாதங்களில் உணர்ச்சியை முக்கால்வாசி எடுத்துவிட்டது. முள் குத்தினாலும் தெரியாது. சூடும் தெரியாது. அதனால் தினமும் சாயந்தரம் அவருடைய கால்களை என் மடியில் தூக்கி வைத்து, விரலிடுக்கெல்லாம் பார்ப்பேன். செருப்பைக் கழற்ற வேண்டிய கோயில் குளத்துக்குப் போனால் சொக்ஸைப் போட்டுவிடுவேன். இந்த ஒரு வேலை அவள் செய்யாதது. அவள் காலத்தில் அவருக்கு வியாதி இந்த அளவுக்கு முற்றவில்லை.

ஹபரணையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோது, "இந்தக் கடையாத்தான் இருக்கவேணும். அவ இதில நிண்டு ஒரு யானையைப் பாத்திட்டு வானுக்குள்ள ஓடினவ" என்று சொல்லிச் சிரித்தார். மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். தேத்தண்ணியில் சீனி போட்டிருந்தார்கள். அவருடைய கோப்பையை மாற்றி வாங்கி வந்தேன். அதற்குள் யானைக் கதை முடிந்துவிட்டிருந்தது.

கன்னியாவுக்குப் பத்து மணிக்கு முன்பே போய்விட்டோம். ரிக்கற் எடுத்து உள்ளே போனால் ஒரு முற்றத்தில் ஏழு சின்னச் சதுரக் கிணறுகள். கிணறு என்று சொல்வதுகூட அதிகம். குனிந்தால் அடி தெரியும். ஏழிலும் ஏழு விதமான சூடு. இராவணன் தாய்க்குக் கிரியை செய்யத் தண்ணீர் வேண்டி வாளால் ஏழு இடத்தில் குத்தினான் என்று சொல்வார்கள். பக்கத்திலேயே பழைய செங்கல் அடித்தளம் ஒன்று, சுற்றிக் கயிறு கட்டி. சனம் நிறைய இருந்தது. சாரத்தோடு ஆண்கள், நனைந்த சல்வாரோடு பெண்கள், அலறும் குழந்தைகள். வாளியால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மகள் ஒவ்வொரு கிணற்றிலும் கையை விட்டுப் பார்த்தாள். "அப்பா, அம்மாவுக்கு எது பிடிச்சது?"

"இது." நாலாவது கிணற்றைக் காட்டினார். யோசிக்கவே இல்லை. "முதல் கையை வைச்சிட்டு, ஐயோ சுடுதெண்டு கத்தினவ. 'நீ பயப்பிடாத, நான் முதல் ஊத்திக் காட்டுறன்' எண்டு சொல்லி என்ர தலையில ஊத்தினனான். பிறகு அவ வாளியை விடேல்லை. ரண்டு பேரும் மாறி மாறி ஊத்தினதுதான். சனம் நிண்டு பாத்தது."

நீ பயப்பிடாத. அந்த 'நீ'தான் எனக்குள் போய்த் தைத்தது. அவள் அவருக்கு மச்சாள் முறை, சின்ன வயதிலிருந்து தெரிந்தவள், 'நீ' என்றுதான் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் வாயால் கேட்டதில்லை. எனக்கு அவர் எப்போதும் 'நீர்'. நீர் சாப்பிட்டீரா, நீர் போய்ப் படும், நீர் ஏன் களைச்சுப் போயிருக்கிறீர். இரத்தம் எடுக்கும் நாற்காலியில் இருந்தபோது சொன்ன அதே 'நீர்'. மூன்று வருடத்தில் அது ஓர் அங்குலம்கூடக் கிட்ட வரவில்லை.

மகள் உடுப்போடு நாலாவது கிணற்றடியில் நின்று ஊற்றிக்கொண்டாள். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவர் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். மகளைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

நான் வெட்கத்தை விட்டு, வாளியை எடுத்து அவரிடம் நீட்டினேன். "எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு ஐந்தாவது கிணற்றில் அள்ளி, மெதுவாக, என் தோளில் மட்டும் படுகிற மாதிரி ஊற்றினார். ஒரே ஒரு வாளி. "காணுமே? ஈரத்தில தடிமன் பிடிச்சிடும்" என்று சொல்லித் துவாயைத் தந்தார். எவ்வளவு அக்கறை! அந்தத் துவாயை அவர் முகத்தில் எறியலாம் போல இருந்தது. நன்றாகத் துடைத்துக்கொண்டு, மடித்துப் பையில் வைத்தேன்.

அங்கிருந்து வில்கம் விகாரைக்குப் போனோம். கொஞ்ச தூரம்தான். பழைய பௌத்த இடிபாடு. சோழர் காலத்தில் அங்கே தமிழரும் வணங்கியிருக்கிறார்கள், கல்லில் தமிழ் எழுத்து இருக்கிறது. நாதனார் கோவில் என்று ஊர்த் தமிழர் சொல்வார்கள் என்று அவர்தான் சொன்னார். காடு சூழ்ந்த இடம். உடைந்த செங்கல் சுவர்கள், கல் தூண்கள், தலைக்கு மேலே வெறும் வானம், நடுவில் நின்ற கோலத்தில் ஒரு புத்தர் சிலை. மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. வாசலில் ஒரு பெண் தாமரைப் பூ விற்றுக்கொண்டிருந்தாள். அங்கேயே செருப்பைக் கழற்ற வேண்டும்.

அவர் சப்பாத்தைக் கழற்றினார். போட்டிருந்த மெல்லிய சொக்ஸையும் கழற்றிச் சப்பாத்துக்குள் வைத்தார். நான் பையைத் திறக்கச் சிப்பில் கையை வைத்தேன். தடித்த சொக்ஸ் மேலேயே இருந்தது.

அப்போது அவர் மகளிடம் சொன்னார்: "அண்டைக்கு இதே வாசலில செருப்பைக் கழட்டிப் போட்டிட்டு நாங்கள் ரெண்டு பேரும் ஓடினனாங்கள். மணல் அவ்வளவு சூடு. கையைப் பிடிச்சுக்கொண்டு அந்த மரத்தடி மட்டும் ஒரே ஓட்டம்."

நான் சிப்பிலிருந்து கையை எடுத்தேன்.

நான் மறக்கவில்லை. கவனக்குறைவும் இல்லை. அவர் அந்த மணலில் காலை வைத்ததைப் பார்த்தேன். என் கால் சுட்டது. தாங்க முடியாமல் நான் விரலூன்றிக் குதித்துக் குதித்து மரத்தடிக்குப் போனேன். மகளும் "ஊ, ஊ" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அவர் மட்டும் ஆறுதலாக நடந்து வந்தார். "எனக்கு இப்ப சுடேல்லை, பாத்தியே" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கேட்டது. உன் மனைவியோடு நடக்கிறாய் அல்லவா, நட, என்று மனதுக்குள் சொன்னேன். மனதுக்குள் நானும் அவரை நீ என்றுதான் சொன்னேன்.

நான் மரத்தடியிலேயே இருந்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் செங்கல் மேடையில் ஏறி, எழுத்துள்ள கல்லைத் தேடினார்கள். மகள் குனிந்து விரலால் தடவித் தடவிப் படிக்கப் பார்த்தாள். "இது க போல இருக்கு அப்பா" என்று கத்தினாள். அவர் பக்கத்தில் நின்று எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் தனியே நின்றார். உச்சி வெயில், உச்சி வெயிலில் காய்ந்த கல். பூக்காரப் பெண் என் பக்கத்தில் நிழலுக்கு வந்து நின்று அவரைப் பார்த்தாள். ஐயாவுக்குச் சுடவில்லையா என்று சிங்களத்தில் கேட்டாள். அவருக்குப் பழக்கம் என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அரை மணித்தியாலம் இருக்கும்.

பிற்பகல் கடற்கரையோரம் எடுத்திருந்த விடுதி அறையில் அவர் சப்பாத்தையும் மெல்லிய சொக்ஸையும் கழற்றிவிட்டுக் கட்டிலில் சாய்ந்து கால்களை நீட்டினார். நான் ஜன்னல் பக்கம் இருந்து திரும்பினேன். இடது பாதத்தில் இரண்டு, வலது குதிகாலில் ஒன்று. பெரிய காசளவு கொப்புளங்கள். இடது காலில் ஒன்று சப்பாத்துக்குள்ளேயே உடைந்து, தோல் சுருண்டு கிடந்தது. சொக்ஸ் நனைந்திருந்தது.

"என்ன அப்பிடிப் பாக்கிறீர்?" என்று கேட்டார். அவருக்கு இன்னும் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம். எழும்பாதீங்க. காலைக் கீழ வைக்காதீங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் பார்த்தார். காயத்தைக் கழுவிக் கட்டச் சொன்னார். "சீனிக்காரர் வெறுங்காலோட வெயிலில நிக்கலாமா? கால் போயிருக்கும் தெரியுமா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மகள் சொன்னாள்: "அன்ரி எப்பவும் சொக்ஸ் கொண்டு போறவ டொக்டர். இண்டைக்கு அவசரத்தில மறந்திட்டா." எனக்காகப் பரிந்து பேசினாள். அதற்குப் பிறகு டொக்டர் கிளினிக் கொப்பியைக் கேட்டார். என் கையில் மருந்துத் துண்டும் தண்ணீர்ப் போத்தலும் இருந்ததால், மகள் பையைத் திறந்தாள்.

அவள் கை அப்படியே நின்றது. சொக்ஸைத் தொட்டாள். பிறகு அதை ஒதுக்கி, கொப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

அவருக்குக் கட்டுப் போடும்போது நாங்கள் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மறந்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் நம்பக்கூடத் தயாராக இருந்தாள் என்று நினைக்கிறேன். "இல்ல" என்றேன்.

"அப்ப ஏன்?"

"காலையில இருந்து அவர் உங்கம்மாகூடத்தான் நடந்துக்கிட்டிருந்தார். கூப்பிட்டுச் சொக்ஸ் போட்டுவிட எனக்கு மனசு வரல."

அவளுடைய கண்கள் நிறைந்துவிட்டன. கோபமா அழுகையா என்று தெரியவில்லை. "அம்மா செத்திட்டா அன்ரி" என்றாள். "அப்பாதான் மிச்சம்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுநாளே கொழும்புக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகு அவருடைய கால் மகளுடையதாகிவிட்டது. வெள்ளவத்தையில் ஒரு நேர்சிடம் போய்க் கட்டுப் போடப் பழகிக்கொண்டு வந்தாள். தினமும் காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளே கழுவி, அவளே கட்டுவாள். நான் வெளியே வெந்நீரோடு நிற்பேன். கதவு இடுக்கால் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொள்வாள். உள்ளே இரண்டு பேரும் கதைத்துச் சிரிக்கும் சத்தம் கேட்கும். இத்தனை நாளும் ஒரு செத்தவளில்தான் பொறாமை. இப்போது உயிரோடிருக்கும் ஒரு பிள்ளையிலும். எனக்கு என்னையே பிடிக்கவில்லை. ஆனாலும் தினமும் அந்தக் கதவடியில் நின்று காது கொடுத்தேன்.

பத்தாம் நாள் அவரிடம் சொல்லிவிட்டேன். மகள் கடைக்குப் போயிருந்தாள். "அன்னைக்குச் சொக்ஸ் பையிலதான் இருந்திச்சு. தெரிஞ்சேதான் தரல."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "எனக்குத் தெரியும்" என்றார்.

"மக சொன்னாளா?"

"இல்லை. வாசலில நீர் சிப்பில கை வைச்சதைக் கண்டனான். எடுத்ததையும் கண்டனான்."

"அப்ப நீங்களே கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருக்கலாம்." கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தார். "அண்டைக்கு ஒரு நாளைக்கு எனக்குச் சீனி வருத்தக்காரனா இருக்க விருப்பமில்லை. மகளுக்கு முன்னால, அந்த இடத்தில. நீர் சொக்ஸோட வந்தீரெண்டா நான் திரும்பவும் வருத்தக்காரன்தான்."

அவருக்கு என் மேல் கோபம் இல்லை என்று அர்த்தமா? அப்படியும் இல்லை. "ஆனா நீர் அப்பிடிச் செய்திருக்கக் கூடாது" என்று கடைசியில் சொன்னார், குரலை உயர்த்தாமல். நான் தலையாட்டினேன். எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அவள் ஓடித் திரிந்த மனிதனைக் கல்யாணம் செய்தாள். நான் கல்யாணம் செய்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையை நீட்டுகிற நோயாளியை. அவருக்கு நான் தேவை என்று பெருமைப்பட்டதெல்லாம் அந்த நோயை நம்பித்தான். அது விளங்கியதும் பொறாமை குறைந்திருக்க வேண்டும். இன்னும் கூடித்தான் போனது. அந்த ஓடிய மனிதனை நான் ஒரு நாளாவது பார்த்திருக்க வேண்டாமா?

ஒருநாள் காலையில் உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். "அன்ரி, ஒருக்கா வந்து பாருங்கோ." குரல் பயந்திருந்தது. இடது காலில் புண்ணுக்கு மேல் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. பழுதாகிவிட்டதென்று நினைத்துவிட்டாள். நான் உப்புநீரில் பஞ்சை நனைத்து மெதுவாக ஒற்றி எடுத்தேன். அடியில் நல்ல சிவப்புத் தசை. "பயப்படாதே. இது ஆறுறதுக்கு அடையாளம்" என்றேன். அவள் மூச்சை விட்டாள். அதற்குப் பிறகு கதவைச் சாத்தவில்லை. நான் கழுவுவேன், அவள் கட்டுவாள்.

புண் ஆற ஏழு வாரம் எடுத்தது. இப்போது அவர் கடலோர மரைன் டிரைவில் சாயந்தரம் மெதுவாக நடக்கிறார், நல்ல சப்பாத்தோடு. ஆனால் ஒரு சின்ன முகக்கண்ணாடி வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். இரவில் படுக்குமுன் அதைப் பாதத்துக்குக் கீழே பிடித்துத் தானே பார்த்துக்கொள்கிறார். "உமக்கேன் சிரமம்" என்கிறார். என் மடியில் காலை வைப்பதில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை என்று நினைக்கிறேன். அவர் அப்படி நினைத்துச் செய்கிறாரா என்று தெரியாது, கேட்கவும் பயம்.

போன கிழமை அவர் பேப்பரில் ஏதோ பார்த்துவிட்டு, "மகாஓயாப் பக்கமும் சுடுதண்ணி ஊற்று இருக்காம். கன்னியாவைவிடச் சூடு கூடவாம். கிட்டடியில பழைய இடிபாடுகளும் இருக்காம். போவமே?" என்று கேட்டார்.

நான் வெட்கமில்லாமல் கேட்டேன். "அக்கா போன இடமா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இல்லை. நானும் போகேல்லை."

"அப்ப போவோம்" என்றேன்.

மகளுக்கு நாங்கள் போகும் வாரம் வகுப்பு இருக்கிறதாம், வரமாட்டாளாம். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்ல வேளை, அப்போது நான் சமையலறையில் இருந்தேன். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.